நீர் நடக்கும் தூரம்

படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கிறது.
கேள்விகளைத் தமிழாக்குவது
என் வேலையில் எழுதப்படாத வேலை.
உடம்பில் இரும்பு ஏதும் உண்டா?
நெஞ்சில் கருவி?
கண்ணில் எப்போதாவது தூள் தெறித்ததா?

வீரமலை இடது உள்ளங்கையை விரித்தார்.
"ரோலர் மேசையில உடைஞ்ச சில்லு மிஸ்,
தொண்ணூத்தாறுல ஏறுனது.
பித்தளை. காந்தம் அதை மதிக்காது."
சரிதான். ஆனாலும் எக்ஸ்ரேக்கு அனுப்பினேன்.
அதற்குள் இரண்டு பேர் அவரை முந்திவிட்டார்கள்.
பொகவந்தலாவையிலிருந்து நின்றுகொண்டே வந்தவருக்கு
கண்டியில் ஒரு கதிரை கிடைத்ததே பெரிசு.

கழுத்திலும் அடிவயிற்றிலும்
நிணக்கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்திருந்தன.
லிம்போமா என்றது கடிதம்.
கட்டி என்றார் அவர்.

"இந்த மெஷின் என்னத்தைத் தேடுது?"

நீரை, என்றேன்.
உடம்புக்குள் எந்தத் துளியும் சும்மா நிற்பதில்லை,
இமைப்பதற்குள் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.
கட்டிக்குள் கலங்கள் நெருக்கியடித்து நிற்பதால்
அதற்குக் கால்வைக்க இடமில்லை,
ஹட்டன் பஸ் மாதிரி
என்று தொடங்கினேன்.
எல்லாரிடமும் சொல்லித் தேய்ந்த உவமை.

"வாட்டல்னு சொல்லுங்க" என்று இடைமறித்தார்.

முப்பத்தொரு வருஷம் ஸ்டோரில் இரவு வேலை,
கொழுந்து வாட்டும் மேல்மாடியில்.
தராசு இருந்தது, கடிகாரம் இருந்தது,
துரை வாங்கி மாட்டிய ஈரமானியும் இருந்தது.
மூன்று மணிக்கு அதையெல்லாம் விட்டுவிட்டு
ஒரு பிடி இலையை அள்ளி அமுக்குவாராம்.
கையைத் திறந்ததும் விரிந்தால் இன்னும் ஆகவில்லை.
உருண்டையாய் அப்படியே கிடந்தால் ரோலருக்குப் போகலாம்.
"பார்க்க அதே இலைதான் மிஸ்.
தண்ணி போனது கைக்குத்தான் தெரியும்."

இங்கே தண்ணீர் போவதில்லை,
நடக்கத் தொடங்குகிறது.
திருத்த நினைத்து, விட்டுவிட்டேன்.

முதல் மருந்து ஏறிய பதினைந்தாம் நாள் மறுபடி வந்தார்.
தலையில் கம்பளிக் குல்லா.
நான் கேட்குமுன்னே மோதிரத்தைக் கழற்றினார்,
கழற்றவே வேண்டியிருக்கவில்லை, அது வழுக்கி விழுந்தது.
அந்தச் சத்தத்துக்குள் பலர் பயந்து மணியை அமுக்குவார்கள்.
இவர் தூங்கிவிட்டார்.
மூச்சைப் பிடிங்க, மூச்சைப் பிடிங்க என்று
மைக்கில் நான் எழுப்பவேண்டியிருந்தது.

படம் வந்தது.
அளந்தேன்: நாலு தசம் இரண்டு சென்றிமீற்றர்.
போன முறையும் அதுவே.
ஒரு மில்லிமீற்றர் குறையவில்லை.

பிறகு நீரின் கணக்கைத் திறந்தேன்.
அன்று பூச்சியம் தசம் ஏழு.
இன்று ஒன்று தசம் ஒன்று.
வெளியே அதே கட்டி.
உள்ளே சுவர்கள் விழுந்துகொண்டிருந்தன.
கலங்கள் செத்த இடங்களில்
நீர் கைவீசி நடந்தது.

கட்டி சுருங்க வாரக்கணக்காகும்,
அதற்கு முன்னரே இந்த எண் சொல்லிவிடக்கூடும்
என்பது டொக்டர்மாரின் எதிர்பார்ப்பு.
ஆய்வில் இருபத்தாறு பேர்.
வீரமலை பதினேழாம் இலக்கம்.

ஒன்பதாம் இலக்கத்துக்கும் இப்படித்தான் ஏறியது.
மாத்தளை ஆசிரியை,
காத்திருக்கும்போதும் கொப்பி திருத்துவாள்.
மார்கழியில் அவளுடைய அடுத்த திகதியைப்
பட்டியலிலிருந்து அழித்தது நான்.

சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி
குனிந்தே கேட்டார்:
"பிடிச்சுப் பார்த்தீங்களா?"
"வியாழக்கிழமை டொக்டர் சொல்வார்."
"அவரு சொல்லுவாரு. கை என்ன சொல்லுது?"

படம் எடுப்பவள் பலன் சொல்லக்கூடாது.
வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாங்க
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆஸ்பத்திரியில் அந்த வாக்கியத்துக்கு
ஒரே ஒரு அர்த்தம்தான் என்பது ஞாபகம் வந்தது.
ஒன்றேகாலுக்கு பஸ் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்க
என்றேன்.
அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்,
மூன்று மணி இலையைப் பார்ப்பதுபோல.

அவர் போனபின் கையுறையை உருவி
உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன்.
திறந்தேன்.
அது மெல்ல விரிந்தது.

ரப்பர் எப்போதும் விரியும்.
அதனிடம் கேட்டிருக்கக் கூடாது.